மாப்பிள்ளைத் தோட்டா

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் மூச்சையும் நிறுத்திக்கொள்கிறார். சாப்பாட்டு மேசையின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு. தட்டில் ஒற்றைத் தோட்டா. பென்சிலைவிட ஒல்லி, சுண்டுவிரலில் பாதி நீளம். எண் நிலைக்கும்வரை வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. தும்மல் வந்தால் குளியலறைக்குப் போய்த் தும்ம வேண்டும். எண் நின்றதும் தோட்டாவை இரண்டு விரலால் தூக்கி, அதன் அடிவிளிம்பை அளவுமானியின் தாடையில் கொடுத்து, முள்ளைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

"இவன் தேறுவான்."

தேறியவனைப் பல் செட் டப்பாவில் படுக்க வைக்கிறார். டப்பாவுக்கு அவருக்குப் பஞ்சமில்லை. தொழிலே பல் செட் செய்வதுதான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகு வார்த்து, ராவி, மெருகேற்றி, முன்பின் தெரியாத வாய்களுக்குச் சிரிப்புச் செய்து அனுப்புகிறவர். அங்கேயும் அளவுதான் உயிர் என்றாலும் இந்த அளவுக்கு இல்லை என்பது அவர் கட்சி. "பல்லு ஒரு முடி கூடக்குறைய இருந்தாலும் நாக்கு பழகிக்கும். தோட்டாவுக்கு ஏது நாக்கு?"

அவர் சுடுவது பாயிண்ட் டூ டூ துப்பாக்கி, ஐம்பது மீட்டர், குப்புறப் படுத்து. அந்தச் சின்னத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பசை அடிவிளிம்புக்குள் ஒளிந்திருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில்தான் தட்டும். விளிம்பு ஒன்றில் தடித்தும் ஒன்றில் மெலிந்தும் இருந்தால் தட்டு ஒரே மாதிரி விழாது. ஒன்று விரைந்து போகும், அடுத்தது சோம்பி இறங்கும். பெரிய துப்பாக்கிக்காரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொழிற்சாலை கொடுத்ததில் பொறுக்கித்தான் ஆக வேண்டும். பொறுக்கிப் பொறுக்கி, துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர் பெயரே 'விளிம்பு' ஆகிவிட்டது. முகத்துக்கு நேராக 'விளிம்பண்ணே'.

டப்பாக்கள் மூன்று. எடையும் விளிம்பும் கச்சிதமாகப் பொருந்தியவை மாப்பிள்ளைகள். கொஞ்சம் முன்னேபின்னே இருப்பவை சொந்தக்காரர்கள். எதிலும் சேராதவை 'வந்தவன் போனவன்'. இந்த மூன்றாவது டப்பாதான் சீக்கிரம் நிறையும். போட்டிக்கு மாப்பிள்ளைகள் மட்டும். அவர்களையும் வெயிலில் வைக்கக் கூடாது, சட்டைப் பையில் போடக் கூடாது, குண்டின் மேலுள்ள மெழுகு கையில் ஒட்டும்படி அழுத்தக் கூடாது. நிஜ மாப்பிள்ளைக்குக்கூட அவர் வீட்டில் இவ்வளவு உபசாரம் நடக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கண் வீட்டிலும் மூடுவதில்லை. சோப்பு வாங்கினாலும் உறையைத் திருப்பித் தொகுதி எண் பார்ப்பார். ஒருநாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தூளு லாட் மாறிடுச்சா?" என்றார்.

"தூளு அதேதான். போட்ட ஆளும் அதே ஆளுதான். அதுவரைக்கும் சந்தோஷப்படுங்க," என்றார் மனைவி.

மனைவி பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுப்பவர். ஞாயிறு அவருக்கு ஓய்வு. அன்று கிளப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. போன மழைக்காலத்தில் இவருடைய ஸ்கூட்டர் பட்டறைக்குப் போனதால், காரில் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. மழை விடவில்லை. தகரக் கூரையின் கீழ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கிளப் செயலாளர் பார்த்தார். அவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துபவர். சும்மா உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும் எதையாவது பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

"அண்ணி, சும்மாதானே இருக்கீங்க? வந்து படுங்க. நான் சொல்றப்ப மட்டும் விரலை உள்ள விட்டாப் போதும்."

விளிம்பண்ணன் பெருந்தன்மையாகத் தன் துப்பாக்கியைக் கொடுத்தார். கூடவே மூன்றாவது டப்பாவையும். "பழகறதுக்கு இது போதும்மா."

அன்று அவர் மனைவி சுட்ட ஓட்டைகள் இலக்கு அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. மூன்று ஞாயிறு கழித்து அவை ஒரு மூலையில் கூடின. அதன்பின் மூலையை விட்டு நடுவுக்கு நகர்ந்தன. கோடை தொடங்குவதற்குள், அதே மூன்றாவது டப்பாத் தோட்டாவில் ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரு கோட்டுப் பொத்தானளவு வட்டத்துக்குள் விழ ஆரம்பித்தன. விளிம்பண்ணன் மாப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு சோடா மூடியளவு வட்டத்தைச் சுட்டார். பல வருடமாக அவர் சுடுவது சோடா மூடிதான்.

"ரத்தம் எடுக்கிற கையில்ல, அதான் ஆடல," என்றார் செயலாளர்.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அங்க தப்பினா ஆளு கத்துவான். இங்க யாரும் கத்தல. நிம்மதியா இருக்கு," என்றார் அண்ணி.

விளிம்பண்ணன் கத்தவில்லை. காரணம் தேடினார். முதல் வாரம், "நீ சுட்டதுல பேரல்ல வேற மெழுகு ஏறிடுச்சு. என் தோட்டாவுக்கு அது ஒத்துக்கல." அடுத்த வாரம் இவர் முதலில் சுட்டார்; அப்போது துப்பாக்கியின் பேரல் சூடேறவில்லை. அதற்கடுத்த வாரம், தராசுக்குப் பேட்டரி மாற்றினார். ஒருநாள் காலை மேசையின் முன்னால் நின்று மூன்று டப்பாக்களையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, சமையலறையை நோக்கி, "தூசி தட்டும்போது டப்பாவ மாத்தி வெச்சியா?" என்று கேட்டார்.

"நான் தூசி தட்டியே ரெண்டு மாசம் ஆச்சு," என்று பதில் வந்தது.

கிளப்புகளுக்கு இடையிலான போட்டிக்கு அணியில் மூன்று பேர். மூன்றாவது இடம் விளிம்பண்ணனுடையது என்று யாரும் சொன்னதில்லை. வேறு யாரும் அதைக் கேட்டதும் இல்லை; வருடாவருடம் அவரே போய்வந்தார். இந்த வருடம் பெயர் கொடுக்க வேண்டிய வாரத்தில் செயலாளர் அவருடைய தோளில் கைபோட்டு, மாணவனுக்கு வண்டியை ஓரம்கட்டச் சொல்லும் குரலில் ஆரம்பித்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணி..."

"குருட்டாம்போக்குல விழுது," என்றார் விளிம்பண்ணன். "மட்டமான தோட்டா எங்கவேணா போகும், நடுவுலயும் போகும். துப்பாக்கிய வைஸ்ல கட்டி ரெண்டு டப்பாவையும் சுட்டுப் பாப்போம். கை கிடையாது, மூச்சு கிடையாது. தோட்டா மட்டும் பேசட்டும்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு மேடையில் போல்ட்டு போட்டு இறுக்கிய வைஸின் இரும்புத் தாடையில் துப்பாக்கியைக் கவ்வ விட்டார்கள். முதலில் மாப்பிள்ளைகள் ஐந்து பேர். பிறகு அட்டையை மாற்றிவிட்டு, வந்தவன் போனவன் ஐந்து பேர். விசையைச் செயலாளர் ஒரே சீராக இழுத்தார். விளிம்பண்ணன் பின்னால் நின்றபடி ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டைவிரலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.

அட்டைகளை எடுத்து வர விளிம்பண்ணனே போனார். ஐம்பது மீட்டரையும் நடந்து போனவர், திரும்பும்போது ஏறக்குறைய ஓடி வந்தார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. மாப்பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு கோட்டுப் பொத்தானளவுக்குப் பரவியிருந்தார்கள். அவர் இத்தனை காலம் மின்விசிறி இல்லாமல் வியர்த்தது வீண் போகவில்லை. தராசு பொய் சொல்லவில்லை, அளவுமானி பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. "நான் என்ன சொன்னேன்? பொறுக்கினாத்தான் தோட்டா!"

"அதான் தெரியுதேண்ணே," என்றார் செயலாளர்.

விளிம்பண்ணன் வெற்றியை முழுதாகக் கொண்டாட நினைத்து, போன வாரத்து அட்டைகளையும் எடுத்துவந்து பக்கத்தில் பரப்பினார். வைஸ் சுட்ட இரண்டு, மனைவி சுட்டது ஒன்று, தான் சுட்டது ஒன்று. பல் அச்சுகளை மேலும் கீழுமாகப் பொருத்திப் பார்க்கிறவர் அல்லவா. கண் தன் பாட்டுக்கு ஒன்றோடு ஒன்றை வைத்து ஒப்பிட ஆரம்பித்தது. மட்டமான தோட்டா தன்னால் விரிவது கோட்டுப் பொத்தான். மனைவி சுட்டது அதைவிட ஒரு நூல் பெரிது. நல்ல தோட்டா தன்னால் விரிவது சட்டைப் பொத்தான். அவர் சுட்டது சோடா மூடி.

தோட்டாவின் பங்கைக் கழித்தால் மனைவி பக்கம் மிச்சம் ஒரு நூல். தன் பக்கம் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க அளவுமானி தேவைப்படவில்லை.

அட்டையின் ஓரத்தை நீவிக்கொண்டே நின்றார். செயலாளர் வைஸின் போல்ட்டு ஒன்றைக் கழற்ற வேண்டியிருப்பது திடீரென நினைவுக்கு வந்ததுபோல் குனிந்துகொண்டார்.

"டீ ஆறுது," என்றார் அண்ணி. "விடுங்க. எனக்கு இந்தப் போட்டியெல்லாம் வேணாம். நான் மழைக்கு ஒதுங்கின ஆளு."

அவர் டீயைத் தொடவில்லை. வைஸிலிருந்து துப்பாக்கியை விடுவித்துப் பாயின் மேல் கொண்டுபோய் வைத்தார். "படு," என்றார்.

"இப்ப எதுக்குங்க?"

"படுன்னா படேன்."

மனைவி படுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இத்தனை ஞாயிறுகளில் முதல் தடவையாக விளிம்பண்ணன் இலக்கைப் பார்க்காமல், சுடுகிற ஆளைப் பார்த்தார். தோளில் ஊன்றும் பின்கட்டை, தன் நீளக் கைக்கு என்று அவர் வைத்த நீளம். மனைவி கழுத்தை முன்னால் நீட்டி, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்போல் கண்ணைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"இப்படியா இவ்வளவு நாளும் சுட்டே? கழுத்து வலிக்கல?"

"வலிக்கும். துப்பாக்கின்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்."

விளிம்பண்ணன் கருவிப் பையிலிருந்து திருகு கழற்றும் ஆறுமுகச் சாவியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, தோளில் படும் தகட்டின் திருகுகளைத் திருகினார். அவர் இந்தத் துப்பாக்கியை வாங்கியதிலிருந்து அசையாதவை. முதல் திருகு கிறீச்சிட்டது. தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் நீளத்துக்காகச் செருகியிருந்த பட்டைகளில் ஒன்றை உருவினார். பொருத்திப் பார்த்தார். போதவில்லை. இன்னொன்றையும் உருவினார்.

செயலாளர் பெயர்ப் படிவத்தோடு வந்து நின்றார். "அப்போ அண்ணே, மூணாவது பேரு..."

"கன்னம் இப்ப எங்க படுது?" என்று மனைவியிடம் கேட்டார் விளிம்பண்ணன்.

"சரியா படுது. கழுத்து சும்மா இருக்கு."

திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். உருவிய இரண்டு பட்டைகளையும் ஊதித் தூசியைத் தட்டி, சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.