பல் பட்ட கருப்பட்டி

பம்பாயிலிருந்து திரும்பி வந்த ஓலைப்பெட்டியை நான் பிரித்தபோது, மேலாக இருந்த கருப்பட்டியில் நாலு பல் தடம் பதிந்திருந்தது. அதற்குக் கீழே பாதிப் பெட்டி காலி. ‘சரக்கு சரியில்லை’ என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

உடன்குடிப் பக்கம் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவள் என் மதினி. அண்ணன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் அண்ணாச்சியிடம் சேர்ப்பேன். எங்களைப் போன்ற சின்ன ஆட்களின் சரக்கையெல்லாம் வாங்கி, வெளியூர்த் தமிழர்களுக்கு அனுப்பி விற்றுக்கொடுப்பது அவர் தொழில். தொண்ணூறுகளில் பம்பாய் மில்கள் ஒவ்வொன்றாக மூட, அங்கிருந்த நம் ஆட்கள் கையில் காசில்லை. தின்றது போக மீதியைத் திருப்பிவிட்டார்கள். பெட்டி போன கூலி, திரும்பி வந்த கூலி, நஷ்டம் எல்லாவற்றையும் அண்ணாச்சி எங்கள் தலையிலேயே கட்டினார்.

பல் தடத்தைக் காட்டினேன். “எலி கடிச்சிருக்கும்டே. இஷ்டம்னா போடு, இல்லன்னா வேற ஆளப் பாரு” என்றார். வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வருஷம் அவர் புதுக்கடை திறந்தார். மதுரை, சென்னை வியாபாரிகளையெல்லாம் அழைத்திருந்தார். வந்தவர்களுக்குக் காப்பி போட மதினியைக் கூப்பிட்டார், கூலியில்லாமல். “போவோம் தம்பி” என்றாள் அவள். திரும்பி வந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டாள்.

ஒரு மதுரைக்காரர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. “அண்ணாச்சி, இது எந்தக் கருப்பட்டி? என்னா மணம்!” என்றார்.

அடுப்படியிலிருந்து மதினி வெளியே வந்தாள். “ஆகாத சரக்குன்னு இவுக எனக்குத் திருப்பிவிட்டதுதான் ஐயா. எலிப்பல் பட்ட எடத்தை மட்டும் செதுக்கி, அண்ணாச்சி டம்ளர்ல தனியா போட்டுட்டேன். நீங்க பயப்படாமக் குடிங்க.”

கடையே சிரித்தது. வாயில் இருந்த மடக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அண்ணாச்சி நின்ற கோலத்தை நினைத்தால், இன்றும் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

மதுரைக்காரர் அன்றைக்கே எங்கள் விலாசம் கேட்டு வாங்கினார். நேராகவே சரக்கு எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மழைக்காலத்தில் கருப்பட்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அண்ணாச்சி எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். மதினி பாய் விரித்து உட்காரவைத்தாள். எனக்குக் கருப்பட்டிக் காப்பி, அவருக்குச் சீனிக் காப்பி. “ஒங்களுக்குத்தான் எங்க சரக்கு ஆவாதுல்லா அண்ணாச்சி.” குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

மதினி இப்போது இல்லை. என் மகள் செல்போன் வழியாகக் கருப்பட்டி விற்கிறாள். ஊரில் பணப்புழக்கம் இல்லை. பாதி தின்ற பெட்டிகள் திரும்பி வருகின்றன. விற்றுக்கொடுக்கிற கம்பெனி நஷ்டத்தை அவள் கணக்கில்தான் எழுதுகிறது. போன் போட்டால் ஒரு மிஷின் பேசுகிறது. அடுப்பில் காப்பி கொதிக்கிறது, கையில் சீனி டப்பாவும் இருக்கிறது. எந்த வாசலுக்கு எடுத்துப்போய், யார் கையில் கொடுப்பேன்?