மீன் தொட்டிக்காகப் போட்ட சர்க்கரை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. மீன் தொட்டியில் செடி மட்டும் எப்படித் தேறும்? கார்பன் டை ஆக்சைடு கொடுத்தால் தேறும் என்றார் மீன் கடைக்காரர். அதற்கு சிலிண்டர் வேண்டுமாம். நான் என்ன வெல்டிங் பட்டறையா வைத்திருக்கிறேன்?

வீட்டில் என் மனைவி கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போட்டிருந்தாள். புளித்துப் பொங்கிய ஜாடி அதே வாயுவைத் தண்டமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மூடியில் ஓட்டை போட்டு, டியூப் சொருகி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டேன். செடிகள் தளதளவென்று எழுந்தன. குமிழி குறையும்போதெல்லாம், மனைவி கடைக்குப் போகும் நேரம் பார்த்து, ஜாடியில் ஒரு கை சர்க்கரை போட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று ராயபுரத்திலிருந்து மாமியார் வந்தார். என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவர், இரண்டாவது கிளாஸில் பாட்டே பாடினார்.

"இன்னாடி, இந்த வருசம் இப்படி தலைக்கு ஏறுது?" என்று மகளைக் கேட்டார். அவள் விழித்தாள். மாமியாரின் கண் ஜாடியில் கிளம்பி, டியூப் வழியாகத் தொட்டிக்குப் போய், என் மேல் வந்து நின்றது.

"மாப்ள, தொட்டி ரொம்ப சின்னதா கீது," என்றார். "அடுத்த வருசத்துக்குள்ள பெருசா ஒண்ணு வாங்கிப் போடுங்க."