குப்பன் என்கிற குடும்பப்பெயர்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கத்தியை அப்பா தீட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் மாமா அந்த யோசனையைச் சொன்னார். அக்காவுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கே குடும்பப்பெயர் கேட்பார்கள். தோட்டத்து லயக் குடியிருப்பு மனிதர்களுக்கு ஏது அது? அப்பாவின் பெயரைத்தான் போடவேண்டும். பள்ளிக்கூடத்தில் 'கு.' என்ற ஓரெழுத்துக்குள் அடங்கியிருந்த குப்பன் இனி முழுதாக வெளியே வரவேண்டும். பதுளையில் துணிக்கடை வைத்திருந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நாளைக்குப் பெரிய ஆளா வரப்போற புள்ள. லாயர்கிட்ட சொல்லி குமார்னு மாத்திடுவோம் மச்சான்."

அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி பொறந்த புள்ளைங்க எதுவும் தங்கல. இதாவது தங்கட்டும்னு குப்பையில போட்டு எடுத்து வச்ச பேரு. நான் பொழச்சுக்கிட்டேன். உனக்கு வேணாம்னா மாத்திக்கம்மா, எனக்கு வருத்தமில்ல."

"பொழைக்க வச்ச பேருதானேப்பா. எனக்கும் இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் குரலில் வீம்பு இல்லை. ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவளின் நிதானம்தான் இருந்தது.

சில வருடங்களில் கணித ஆய்விதழ்களில் அந்தப் பெயர் வரத் தொடங்கியது. தேயிலை மண்ணை ஆராயப் போன தம்பி நானும் அதையே வைத்துக்கொண்டேன். ஒரு மாநாட்டில் வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, கணிதத்தில் பேர்போன குப்பன் உங்களுக்கு உறவா, அறிஞர் பரம்பரையா என்று விசாரித்தார். ஆமாம், எங்கள் அப்பாவிலிருந்து தொடங்குகிறது என்றேன். அதில் பொய்யே இல்லை.

இந்த வருடம் பதுளையில் அக்காவுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. வரவேற்றுப் பேசியவர் 'பேராசிரியர்', 'பேராசிரியர்' என்றே சொல்லி, குடும்பப்பெயரை நாசூக்காகத் தவிர்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வெள்ளை வேட்டியுடன் அப்பா உட்கார்ந்திருந்தார். அக்கா மேடையில் எழுந்து, "பேரையும் சொல்லுங்க சார். அந்தப் பேருலதான் என்னை எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அவர் சற்றுத் தயங்கி, ஒலிவாங்கியில் உரக்கக் கூப்பிட்டார்: "பேராசிரியர் குப்பன்."

தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டு வரிசையில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர் அப்பா. சட்டென எழுந்து நின்று, "இருக்கேங்க" என்றார்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்கப்பா, நம்மளத்தான் கூப்பிடுறாங்க."