நேரே வீட்டுக்கு

மாகாண சபை உறுப்பினரை நுவேவா எசிஹா மாகாணத்தில் போகல் என்பார்கள். சிரியாகோ மூன்று தவணை போகலாக இருந்தார். அவர் மனைவி லூமிங்குக்கோ, அந்த ஒன்பது வருஷமும் அவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்த மாதிரிதான் இருந்தது, வந்து சேர்ந்த மாதிரி இல்லை.

வெங்காயம் போடுகிற குடும்பம். நெல் அறுத்த தாளடியில் வைக்கோலைப் பரப்பி நாற்று ஊன்றுவார்கள். ஒரு வருஷம் விலை விழுந்தது. வைக்க இடமில்லாமல் ஊர் வெங்காயமெல்லாம் அழுகி, மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்தது. அந்தக் கோபத்தில்தான் சிரியாகோ தேர்தலில் நின்றார். மேடையில் பேச வராது. ஜெயித்து முதல் கூட்டத்துக்குப் போனபோது அழுகல் மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்துபோய்ச் சபை மேசைமேல் இறக்கினார்.

"என்ன போகல் இது?" என்று துணை ஆளுநர் மூக்கைப் பொத்தினார்.

"எங்க ஊரு மனுங்க. பிரிச்சுப் பாருங்க."

குளிர்கிடங்கு வர ஐந்து வருஷம் ஆனது. ஆனாலும் வந்தது.

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஒரு இழவு வீட்டையும் விட்டதில்லை. போனால் மாலை வைத்துவிட்டு நழுவுகிற ஆளும் இல்லை. காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, செத்தவர் எந்த வயலில் என்ன போட்டார், எந்த வருஷ வெள்ளத்தில் எவ்வளவு போனது என்று அந்த வீட்டாரோடு பேசிக்கொண்டே இருப்பார். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் சந்தையில் கிண்டல் செய்தான்: "நம்ம போகலுக்கு உசிரோட இருக்கறவனவிடச் செத்தவனத்தான் நல்லாத் தெரியும்!"

"ஆமாண்டா தம்பி, அவங்க உன்ன மாதிரி கட்சி மாற மாட்டாங்க" என்றார் சிரியாகோ.

இழவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீடு திரும்புவதில்லை. திரும்பினால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். மற்றவர்கள் வழியில் நூடுல்ஸ் கடையில் நின்று அவரை உதறிவிட்டு வருவார்கள். சிரியாகோ தன் வயலில் நிற்பார். வரப்பில் நடந்து, மடையைத் திருத்தி, நாற்றைத் தொட்டுப் பார்த்து, நேரத்தையே மறந்துவிடுவார். பின்வாசலில் செருமல் கேட்டதும் லூமிங் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "காலக் கழுவிட்டு உள்ள வா!" சபைக்குப் போட்டுப் போகிற சப்பாத்தில் களிமண் அப்பியிருக்கும்.

ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை. "ஒரு தடவையாவது நேரா வீட்டுக்கு வந்தா என்னய்யா?"

"பொணத்தையும் கூட்டிட்டு வரச் சொல்றியா?"

"யாரு வந்தா எனக்கென்ன, நீ வந்தாப் போதும்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தத் தவணையோட சரி லூமிங். அப்புறம் வீடும் வயலுந்தான்."

தவணை முடிய ஐந்து மாதம் இருந்தது. ஜனவரியில், நாற்று வேர் பிடித்த சமயம், சபைப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஊர் வழக்கப்படி ஏழு நாள் கூடத்தில் பெட்டியில் கிடந்தார். ஒன்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல ஏழு நாள் அவர் வீட்டில் இருந்தது அப்போதுதான். லூமிங் பெட்டியின் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டாள்.

புதைத்துவிட்டுத் திரும்பும்போது வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடைத்தெருவில் ஒதுங்கின. மகள் மாரிவிக்கும் பாலத்தடி ரொட்டிக்கடையில் வேகத்தைக் குறைத்தாள்.

"நிறுத்தாதே."

"அம்மா, ஒரு நிமிஷம். ரொட்டி வாங்கிட்டுப் போயிரலாம்."

"வேணாம். நேரா வீட்டுக்கு ஓட்டு."

"ஐயோ, அப்பா பின்னாலயே வந்துருவாரும்மா!"

"வரட்டும்டி."

மாரிவிக் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு வேகத்தைக் கூட்டினாள். கடைத்தெரு கடந்தது. வாய்க்கால் கடந்தது. வயல் வந்தபோது லூமிங் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். வண்டி அங்கேயும் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்தாள். படியோரம் இருந்த வாளியில் தண்ணீர் நிறைத்து, செம்பைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அடுப்படிக்குத் திரும்பி, காப்பிக்குத் தண்ணீர் வைத்து, வாசல் பக்கம் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வா."