மூன்று மொட்டை வேண்டுதல்

எனக்குப் பன்னிரண்டு வயதில் மொட்டை அடித்தார்கள். திருத்தணி முருகனுக்கு வேண்டுதல் என்று பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொல்லிவைத்தாள். மருந்து ஏற ஏற முடி எப்படியும் கொட்டப்போகிறது, அதற்குள் சாமிக்குக் கொடுத்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவள் யோசனை. மாதக்கணக்கில் முடி வளராதபோது, மூன்று மொட்டை வேண்டியிருப்பதாகச் சொன்னாள். எல்லோரும் என் பக்தியைப் பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ரத்தம் குறைவு என்றுதான் வீட்டில் பேச்சு. அம்மாவும் அப்பாவும் என்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். அக்கா தறியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் படுக்கைப் பெண்தான் உண்மையைச் சொன்னாள். "உனக்கும் கேன்சர்தான். இந்த வார்டே அதுக்குத்தான்" என்றாள், சிப்ஸ் தின்றபடி.

அன்றிலிருந்து யார் முகத்தைப் பார்த்தாலும் ஆத்திரம். சோற்றுத்தட்டை வீசினேன். அக்காவின் புதுத் துப்பட்டாவைக் கத்தரித்தேன். "பரவால்லம்மா" என்றார் அப்பா. திட்டாமல் விட்டதில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

அந்தச் சமயத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். உள்ளேயே இருக்கச் சொல்லியும் நான் கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தடவினாள். "இன்னாம்மா, அக்கா கல்யாணத்துக்கு வேண்டிக்கினியா?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, இவளேதான் வேண்டிக்கினா."

இவளேதானாம்!

"பொய்! எனக்குக் கேன்சர்! முடி கொட்டும்னுதான் மொட்டை அடிச்சாங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மாள் சட்டென்று கையை எடுத்தாள். எடுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கேசரி ஆறுவதற்குள் அவர்கள் வந்த ஆட்டோ கிளம்பிவிட்டது.

அப்போதும் யாரும் என்னைத் திட்டவில்லை. அக்காதான் நேராக வந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். "எப்பலேர்ந்துடி தெரியும் உனக்கு?"

நானும் திருப்பி அடித்தேன். "மாப்பிள்ளை போய்ட்டான்னு அடிக்கிறியா? நல்லா வேணும் உனக்கு!"

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த முறை சென்னைக்குப் பஸ் ஏறியபோது அக்காவும் வந்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கன்னத்தில் நீலம் பாய்ந்திருப்பதை நர்ஸ் கேட்டதும், "நான்தான் அடிச்சேன்" என்றாள். டாக்டரை விடாமல் கேட்டு ஒவ்வொரு மருந்தின் பெயரையும் எழுதிக்கொண்டாள். "இது போட்டா வாந்தி வரும். வரட்டும்" என்று என்னிடம் நேராகவே சொல்வாள். நான் கத்துவேன், அவளும் கத்துவாள். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு வருஷத்தில் எனக்குக் குணமானது.

கல்யாணம் கெட்ட கோபத்தில்தான் அடித்தாள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். என்னிடம் மறைத்ததை அவளிடமும் மறைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தங்கைக்கு என்ன நோய் என்பதை அக்கா அன்றுதான், முன்பின் தெரியாதவர்களுக்குக் காபி நீட்டிக்கொண்டிருக்கும்போது, முதல் தடவையாகக் கேட்டாள்.