அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய கால்

முழங்காலுக்குக் கீழே எனக்கு இடது கால் செயற்கைக் கால்தான். பொருத்தியபோது கச்சிதமாக இருந்தது. இப்போது மீதிக் கால் மெலிந்துபோய், அது நுழைகிற கிண்ணம் லொடலொடவென்று ஆடுகிறது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எனக்கு வேலை, வேகாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குக் கொண்டுபோவது. கால் வழுக்கி இரண்டு தடவை பலகை நிறையப் பிள்ளையார்களை மண்ணாக்கிவிட்டேன். இன்னொரு தடவை ஆனால் வேலைக்கே வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். பழைய கால் எப்படி உழைக்கிறது என்று அளந்து பார்த்து, சரியில்லாதவர்களுக்குப் புதுசு தருவார்களாம். தரையில் டேப் ஒட்டி, செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். டேப் நெடுக நடக்கவிட்டு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டாள்.

ஆபீஸ்காரர்கள் வந்தால் நாம் என்ன செய்வோம்? வீட்டைப் பெருக்கி, நல்ல டம்ளரை எடுத்து வைப்போம். நானும் அதையேதான் செய்தேன். பொங்கல் புடவை கட்டினேன். கிண்ணம் ஆடாமலிருக்க இரண்டு சாக்ஸைக் கூடுதலாகத் திணித்தேன். சூளைச் சூட்டில் அப்படிப் போட்டால் தோல் வெந்துவிடும். மண்டபத்தில்தான் ஃபேன் இருக்கிறதே! எனக்கு முன்னால் நடந்தவர் தடுமாறியதும் ரோஷம் வேறு வந்துவிட்டது. விட்டேன் பாருங்கள் ஒரு நடை, கூட்டமே கைதட்டியது.

"வலிக்குதாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"சேச்சே!"

"அஞ்சுக்கு அஞ்சு! உங்களுக்குப் புதுக் காலே தேவையில்லக்கா."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க! அதுவும் இடது செருப்பால்.

வெளியே வண்டியோடு நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "யாராவது ஃபெயிலாவ வேண்டிய எடத்துல போயி பாஸாவாங்களா? போ, நெஜத்த சொல்லு."

திரும்பிப் போனேன். கூடுதல் சாக்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். "இன்னொரு வாட்டி அளந்துக்க கண்ணு. முன்ன நடந்தது பொய்யி."

இந்தத் தடவை பாதி டேப்பிலேயே சுவரைப் பிடித்துவிட்டேன். "ரொம்ப வலிக்குது," என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெண் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். புதுக் காலுக்கு அளவெடுக்க உள்ளே போகச் சொன்னாள்.

திரும்பினால், வீட்டுக்காரர் கதவோரம் நிற்கிறார். கேலி பண்ணப்போகிறார் என்று நானே முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்டயும் இத்தினி நாளா வலிக்கலன்னுதான சொல்லினு இருந்த?" என்றார்.