அம்மா என்னும் ஒருமை

“அவ உனக்கு என்ன வேணும்? சொல்லிட்டு ஏறு.”

வேனின் படியை இடுப்பால் அடைத்துக்கொண்டு நிற்கிறார் வேன்காரம்மா. கீழே மீசை அரும்பிய பையன். உள்ளே ஜன்னலோரத்தில் அவனைவிட இளைய ஒருத்தி. பையன் தலையைச் சொறிகிறான்.

“அத்தை பொண்ணா?”

“அத்தை பொண்ணுன்னா கேலி பண்ணலாம். இவளைக் கேலி பண்ணினா உனக்கு இன்னிக்குச் சோறு கிடையாது. உங்கம்மாவும் அவங்கம்மாவும் யாரு?”

“அக்கா தங்கச்சி.”

“அப்போ இவ?”

“தங்கச்சி” என்று முனகுகிறான். இடுப்பு விலகுகிறது. வண்டி நிறைவதற்கு நாள்தோறும் இப்படித்தான் நேரமாகிறது.

வண்டி போய்ச் சேருமிடம் தொல்குடிப் பிள்ளைகளுக்கான மாலைக்கூடம். சலவைக்கடையின் பின்புறம், இஸ்திரிச் சூடு சுவரில் ஏறிய ஒற்றை அறை. அங்கே சேர்ந்து சமைக்கிறார்கள், பாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். சண்டையையும் தாய்மொழியில்தான் போட வேண்டும் என்பது விதி. திட்டச் சொல் தெரியாதவன் வாயை மூடிக்கொள்ள நேர்வதால் சண்டைகள் விரைவில் அடங்கிவிடுகின்றன.

வேன்காரம்மாவின் தாய்மொழியே ஓட்டை உடைசல்தான். சிறுமியாக இருந்தபோதே அவரை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அந்த மொழியைப் பேசினால் அடி விழும். வயது முப்பதைக் கடந்தபின், சொந்த சனம் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டவர். இலக்கணப் பிழைகளைப் பொறுப்பார்; உறவுமுறையில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். காரணத்தைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்:

“விடுதியில வளந்தவளுக்கு யாரு எவருன்னு தெரியுமா? ஒருத்தனைக் கட்டிக்கிறதா இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் சொந்தக்காரி ஒருத்தி ஓடி வந்து, ‘அடிப் பாவி, அவன் உனக்குத் தம்பி முறைடி’ன்னா. அதுக்கப்புறம் எவனைப் பாத்தாலும் தம்பியோன்னு சந்தேகம்.”

கேட்டவர்கள் சிரித்து ஓய்ந்த பின்னும் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அதைத்தான் கேட்கச் சகிக்காது.

அவர்களுடைய மொழியில் பெரியம்மா, சின்னம்மா என்னும் சொற்கள் இல்லை. பெற்றவளும் அம்மா, அவளுடைய அக்கா தங்கைகள் அனைவரும் அம்மா. ஊராரோடு பழகி இதை மறந்திருந்த பிள்ளைகளுக்கு வேன்காரம்மா மீண்டும் பழக்கினார். அவர்களுள் கெட்டிக்காரி, ‘வாயாடி’ என்று பெயரெடுத்த ஒரு பெண். அண்மையில் அவளுடைய தாயின் தமக்கை இறந்துபோனார். பள்ளியில் தேம்பித் தேம்பி அழுதவளிடம் ஆசிரியை காரணம் கேட்டார். “அம்மா செத்துட்டாங்க” என்றாள்.

ஆசிரியை இரக்கமுள்ளவர், அந்த இரக்கமே வினையாயிற்று. நலத்துறைக்குச் செய்தி போயிற்று. தகப்பன் இல்லாத அந்த வீட்டைத் தேடி அவர்கள் வந்த நேரத்தில், பெற்றவள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கதவு பொய்ச்சாட்சி சொல்லிற்று. வாயாடியைக் காப்பகத்திற்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பெற்றவள் கூடத்திற்கே வந்து கத்தினாள்: “நான் குத்துக்கல்லாட்டம் உசிரோட இருக்கேன், என்னைச் சாகடிச்சிட்டியேக்கா! ஊர் உலகத்தைப் போலப் பெரியம்மான்னு சொல்லவிட்டிருந்தா உன் குடியா முழுகிப் போயிருக்கும்?”

வேன்காரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு நலத்துறை அலுவலரிடம் போனார்.

“உங்க பண்பாட்டை நாங்க ரொம்ப மதிக்கிறோம்மா” என்றார் அலுவலர். “போன விழாவுல உங்க பசங்க மேளம் அடிச்சாங்களே, நானே எழுந்து நின்னு கை தட்டினேன். ஆனா உங்க பொண்ணு, ‘ஒரு அம்மா செத்துட்டாங்க, இன்னும் அம்மாங்க இருக்காங்க’ங்கிறா. அம்மான்னா ஒருத்திதானே?”

“மேளம் அடிச்சா பண்பாடு, அம்மான்னு கூப்பிட்டா குழப்பமா சார்?”

“விசாரணையன்னிக்கு நீங்களும் வாங்க. பொண்ணு ஒருத்தியைக் காட்டினா அன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம். ரெண்டு பேரைக் காட்டினா மனக்குழப்பம்னு மேல அனுப்ப வேண்டியதுதான். அப்புறம் என் கையில இல்லை.”

பெண்ணிடம் முன்கூட்டிப் பேச அனுமதி கிடையாது. வேன்காரம்மாவோ பெற்றவளுக்கு ஒன்றுவிட்ட அக்கா. முறைப்படி அவரும் வாயாடிக்கு அம்மாதான்.

விசாரணை அறையில் மேசைக்கு இப்பால் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். பெண்ணை அழைத்துவந்து எதிரே நிறுத்தினார்கள். அலுவலர் கனிவாகத்தான் கேட்டார்:

“பயப்படாதே பாப்பா. உன் அம்மா எங்கே, கையைக் காட்டு.”

வாயாடி வாயைத் திறக்கவில்லை. அவள் விரல் பெற்றவளை நோக்கி நீண்டது. பெற்றவள் விம்மினாள். பிறகு, பாடத்தைச் செம்மையாகக் கற்றவள் ஆதலால், அந்த விரல் மெல்ல அடுத்த நாற்காலிப் பக்கம் நகரத் தொடங்கிற்று.

வேன்காரம்மா சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்தார். செருப்பை அறைவாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தவர், இல்லாத செருப்பின் வாரை வெறுங்காலில் மாட்டிக்கொண்டே, அந்த விரல் இறங்கும்வரை நிமிரவில்லை.